எண்பதுக்கு முடிச்சிருங்க

சொர்ணத்தாயின் இதயத்தில் ஒரு வால்வு மாற்ற வேண்டும். மதுரை ஆஸ்பத்திரி எண்பதாயிரம் என்று எழுதிக் கொடுத்து, வியாழக்கிழமைக்குள் கட்டச் சொல்லியிருந்தது. அவள் புருஷன், கோவில்பட்டி வத்தல் வியாபாரி செல்லத்துரை, அதைப்போல மூன்று மடங்கு பணம் வைத்திருந்தார். வைத்திருந்த இடம்தான் தப்பு. ஊர்க் கூட்டுறவு வங்கியில் யாரோ யாருக்கோ கடனை அள்ளிக் கொடுத்துவிட, ரிசர்வ் வங்கி குறுக்கே நின்றுவிட்டது: ஒரு கணக்குக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது. கைமாற்று கேட்கலாமென்றால் கடைவீதியில் எல்லோர் பணமும் அங்கேதான். மருத்துவச் செலவு என்றால் மட்டும் தனியாக விண்ணப்பிக்கலாம். சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் பார்த்து அனுமதிப்பார்கள்.

விண்ணப்பத்தை எழுதியவர் வியாபாரிகள் சங்கத் தலைவர் லிங்கராஜ். விற்பனை வரி, லாரி வாடகை, நகராட்சிக் கடை வாடகை எல்லாவற்றையும் பேசிக் குறைத்தவர்.

"எண்பதுன்னு கேட்டா நாப்பதுதான் தருவான். ஒன்னு அறுபதுன்னு போடும்வே."

"ஆஸ்பத்திரிச் சீட்டுல எண்பதுன்னுல்லா இருக்கு அண்ணாச்சி?"

"இருக்கட்டும். நீரு என்னைக்காவது சொன்ன வெலைக்கு வத்தல் வித்திருக்கீரா?"

விற்றதில்லை. செல்லத்துரை கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை இருவரும் சென்னையில் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்ட அம்மாள். கொண்டுபோன போளிப் பொட்டலத்தைக் கையாலும் தொடவில்லை.

"ஆஸ்பத்திரி எண்பதாயிரம் சொல்லுது. நீங்க ஒரு லட்சத்து அறுபதாயிரம் கேட்டிருக்கீங்க. எது சரி?"

செல்லத்துரையின் முகம் தெளிந்தது. எதிராளி விலையைப் பற்றி வாயைத் திறந்துவிட்டாலே பாதி வியாபாரம் முடிந்த மாதிரி.

"நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீக. எண்பதுக்கே முடிச்சிருங்க மேடம்."

"இது விலை பேசுற விஷயமில்லை சார். ரெண்டு தொகையும் ஒத்துப்போகலைன்னா நான் மேலே அனுப்ப முடியாது. திருத்தி, உங்க வங்கி மூலமா புதுசா அனுப்புங்க. பதினஞ்சு நாள் ஆகும்."

"வியாழக்கிழமை கட்டணும்மா."

"புரியுது சார்." குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அந்த மேஜையில் வருத்தத்துக்கு அதிகாரம் இல்லை.

லிங்கராஜ் சங்கத்தின் பெயரைச் சொன்னார். உறுப்பினர் கணக்கைச் சொன்னார். கடைசியில் ஒருநாள் கடையடைப்பு என்றார்.

"அடைச்சா உங்களுக்குத்தானே சார் நஷ்டம்?"

தலைவர் போளிப் பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சரி, எழுபது" என்றார் செல்லத்துரை. அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார். "அறுபதுன்னு வச்சுக்கிடுவோம். மிச்சத்த நான் பொரட்டிக்கிடுதேன்." கோப்பு மூடப்பட்டது. "அம்பது மேடம்." எதிர்விலை சொல்ல ஆளில்லாமல் அவர் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போனார்.

வெளியே வந்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் போட்டார்.

"எவ்வளவுக்கு முடிஞ்சுது?" என்றாள் சொர்ணத்தாய்.

"முடியல."

"கொஞ்சம் எறங்கிக் கேட்டிருக்கலாம்லா?"

"எறங்கித்தான் கேட்டேன்."

"எதுவரைக்கும்?"

"இருவது."

மறுமுனையில் அவளுக்கு மூச்சு இரைத்தது.

"அப்போ ஆஸ்பத்திரியிலயாவது பேசிப் பாருங்க" என்றாள். "எண்பது சொன்னவன் நாப்பதுக்கு வரமாட்டானா?"