வியாழக்கிழமை நடை

மேவிஸ் கேட்டின் கொக்கியில் கை வைத்ததுமே எதிர்வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. வியாழக்கிழமை காலை. ஆக்ராய்ட் வீட்டுப் பெண் ஹார்கர் வீட்டு வாசலில் நிற்கிறாள். அந்தத் தெரு அதைப் பார்க்காமல் இருக்காது.

கதவைத் திறந்த ஜாய்ஸின் கையில் மாவு ஒட்டியிருந்தது.

"அடிப்பாவி, இன்னைக்கு அப்பாவ அடக்கம் பண்ணணும், இங்க வந்து நிக்கற? உள்ள வா கண்ணு."

"இல்ல ஜாய்ஸ். இங்கயே நிக்கறேன். லெஸ்ஸப் பாக்கணும்."

அப்பாவும் எந்த வீட்டுக் கேட்டுக்கும் உள்ளே கால் வைத்ததில்லை.

அவள் அப்பா வில்ஃப் ஆக்ராய்ட் பதினான்கு வருஷம் ஊர் ரக்பி அணியில் எட்டாம் எண் சட்டை போட்டு முன்வரிசையில் முட்டியவர். ஒருமுறை அணியில் தன் பெயர் இல்லை என்பதை, சுரங்க வாசல் பலகையில் ஒட்டியிருந்த தாளில், எல்லோரும் பார்க்கப் படித்துத் தெரிந்துகொண்டார். பிறகு பயிற்சியாளராக இருந்த பதினோரு வருஷமும் அவர் தாளை வெள்ளிக்கிழமைதான் ஒட்டினார். வியாழன் மாலை சுரங்கக் கரி போகக் குளித்து, தொப்பி வைத்துக்கொண்டு, நீக்கப்பட்டவன் வீட்டுக்கு நடந்து போவார். "இந்த வாரம் நீ இல்லப்பா." அவ்வளவுதான். அவன் திட்டி முடிக்கும்வரை அங்கேயே நிற்பார், மழையானாலும். அணியின் பதின்மூன்று பேர் வீடுகளிலும் அந்தப் பூட்ஸ் சத்தம் தங்கள் வாசலைத் தாண்டிப் போகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இருபத்தோரு வருஷத்துக்கு முன், கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அந்தச் சத்தம் இந்த வாசலில் நின்றது. அப்போதைய எட்டாம் எண் லெஸ் ஹார்கர் தன் வலது தோள்பட்டை வலியை மூன்று வாரமாக மறைத்து வைத்திருந்தார். மனைவி ஜாய்ஸுக்குக்கூடத் தெரியாது. கிளப்பில் அவர் தேநீர்க் கோப்பையை இடது கையால் எடுத்ததை அப்பா பார்த்துவிட்டார்.

லெஸ் இல்லாமலே ஊர் இரண்டு புள்ளியில் ஜெயித்தது. "தோத்திருந்தா லெஸ் மன்னிச்சிருப்பான்" என்று அம்மா சொல்வாள். அன்றிலிருந்து அப்பா எதிரே வந்தால் லெஸ் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார்.

இப்போது அவர் சட்டைக்கையை மடித்தபடி வந்து நின்றார்.

"என்ன, மறுபடி என்னைத் தூக்கிட்டாரா? பெட்டிக்குள்ள போயும் விடமாட்டாரா உங்கப்பன்?"

மேவிஸ் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து கேட்டுக்கு மேலாக நீட்டினாள். மருத்துவமனைச் சாப்பாட்டுச் சீட்டின் பின்பக்கம். எட்டிலிருந்து பதின்மூன்று வரை சட்டை எண்கள், எதிரே ஆறு பெயர்கள். அப்பாவின் கையெழுத்து.

"பெட்டியத் தூக்கறதுக்கு. அஞ்சு பேர் வந்துட்டாங்க."

"எட்டாம் எண்ணுக்கு, அன்னைக்கு எனக்குப் பதிலா ஆடினவனக் கூப்பிடு."

"அவர் பேர் இதுல இல்ல லெஸ். நேர்ல சொல்லணும்னு வந்தேன். இந்த வாரம் நீங்க இருக்கீங்க."

லெஸ் காகிதத்தை வாங்கவில்லை. உள்ளே போனார். கதவு மூடியது. மேவிஸ் கேட்டிலேயே நின்றாள். உள்ளே ஜாய்ஸின் குரல் ஏறியது.

"இன்னும் ஒரு ஆட்டம் ஆடியிருந்தா கையே தூக்க வராதுன்னு அப்புறமா டாக்டர் சொன்னப்ப நானும்தானே பக்கத்துல உக்காந்திருந்தேன்? வில்ஃப் செஞ்சது சரிதான்னு யார்கிட்டயாவது வாயத் திறந்தியா நீ?"

மேவிஸ் காகிதத்தை மடித்துக் கேட்டின் கம்பியில் செருகிவிட்டு நடந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஆக்ராய்ட் வீட்டு வாசலில் சவஅடக்கக்காரர் பிம், ஐந்து கிழவர்களையும் உயரவாரியாக நிறுத்தப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தார். எல்லோரும் திரும்பத் திரும்பத் தங்கள் எண்ணின் இடத்துக்கே போய் நின்றார்கள். முன்னால் இடதுபக்கம், எட்டாம் எண்ணின் இடம் மட்டும் காலி.

"நீங்களே வந்துடுங்க பிம்," என்றார் குள்ள வால்ட், பத்தாம் எண். "ஆனா பந்தக் கீழ போட்டா வில்ஃப் எந்திரிச்சு வந்து திட்டுவாரு."

பிம் கடிகாரத்தைப் பார்த்தார். மேவிஸ் தெருமுனையைப் பார்க்காமல் இருக்க, கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

கேட்டுக்கு வெளியே பூட்ஸ் சத்தம் வந்து நின்றது. கறுப்புக் கோட்டு, பூச்சி உருண்டை வாசனை. லெஸ் தொப்பியைக் கழற்றினார்.

"ஐயா, நீங்க நல்ல உயரம், பின்னால நில்லுங்க. இல்லன்னா பெட்டி சாயும்," என்றார் பிம்.

லெஸ் நேராக முன்னால் போய் இடதுபக்கம் நின்றார். பெட்டி அவருடைய வலது தோளில் இறங்கியது.

"குனிடா ஒட்டகமே," என்றார் மறுபக்கத்திலிருந்து வால்ட். "எல்லா பாரமும் என் மேலதான் வருது."

"பொலம்பாத. அப்பவும் நீ இப்படித்தான்."

லெஸ் முழங்காலை மடித்தார். பெட்டி சமமானது. தேவாலயம் வரை முந்நூறு கஜமும் அப்படியே மடித்த முழங்காலோடு நடந்தார்.

அடக்கம் முடிந்து, கூடத்தில் பன்றித்தொடை சான்ட்விச்சும் தேநீரும். வால்ட் இறுதி ஆட்டத்தைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். லெஸ் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். மேவிஸ் கோப்பையில் தேநீர் ஊற்றி அவரிடம் கொண்டுபோனாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

மடியிலிருந்த தொப்பியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கோப்பையை வாங்க வலது கையை நீட்டினார்.