கருப்பட்டிக் கிட்டங்கி

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து சிவசண்முகம் பிள்ளை இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாவிக்குரிய சரக்குக் கிட்டங்கி திசையன்விளையில் இருந்தது. அவரோ முக்கூடலில் இருந்தார். நடுவே தாமிரபரணி இரு கரையையும் முட்டிக்கொண்டு ஓடியது. தோணிக்காரர்கள் தோணியைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டார்கள்.

கிட்டங்கி நிறையக் கருப்பட்டி. திசையன்விளை வியாபாரி ஐயம்பெருமாள் பருவத்தில் வாங்கி அடுக்கியது. மார்கழியில் விலை ஏறியதும் விற்பதாக எண்ணம். அதுவரை பனையேறிகளுக்குக் கொடுக்கப் பணம் வேண்டியிருந்தது. அந்தச் சரக்கின் மேல் பிள்ளை கடன் கொடுத்தார். பணம் அவருடையதல்ல, கணவனை இழந்த தங்கை நீலாம்பாள் வயலை விற்று அவர் கையில் ஒப்படைத்தது. தையில் அவள் மகள் கோமுவுக்குக் கல்யாணம். அதற்குள் பணம் வட்டியோடு திரும்பிவிடும் என்று சொன்னவர் பிள்ளைதான்.

போன வருஷம் சென்னைப் பட்டணத்தில், ஊரார் பணத்தை வட்டிக்கு வாங்கியிருந்த பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று கதவைச் சாத்தியதிலிருந்து அவருக்குக் காகிதத்தில் நம்பிக்கை போய்விட்டது. கையால் தொட்டுப் பார்க்கிற சரக்கு வேண்டும் என்றிருந்தார். அம்பாசமுத்திரம் முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அடகு வைத்த மூட்டையில் மணலை நிரப்பியவர்களின் வழக்குகளை எத்தனையோ பார்த்திருந்தார். ஆகவே ஆவணியில் கிட்டங்கியைப் பூட்டியபோது, பூட்டைச் சுற்றி நூல் கட்டி, ஜப்தியான வீட்டுக்கு வைப்பதுபோல அரக்கு முத்திரையும் வைத்தார்.

ஐயம்பெருமாளின் மனைவி அன்னத்தாய் அன்றே சொன்னாள்: "ஐயா, மழை வந்தா கருப்பட்டி வேர்த்து ஒழுகிரும். உள்ள புகை போடணும். சாவியை இங்கனயே வச்சிட்டுப் போங்க."

பிள்ளைக்கும் அது தெரியும். அவர் வீட்டிலும் அடுப்புக்கு மேலே, புகை படுகிற இடத்தில்தான் கருப்பட்டிப் பெட்டி தொங்கியது. ஆனாலும் கோர்ட்டுப் புத்தி விடவில்லை. "மழை பிடித்தால் நானே வந்து திறந்துவிடுவேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது மழை பிடித்துவிட்டது. போக வழியில்லை.

"அண்ணாச்சி, ஏன் சோறு இறங்க மாட்டேங்கு?" என்று நீலாம்பாள் கேட்டாள். "கருப்பட்டி பத்திரமா இருக்குல்லா?"

"பூட்டித்தானே இருக்கு."

"நீங்க பூட்டினா எமன் வந்தாலும் வெளியதான் நிக்கணும்" என்று அவள் சிரித்தாள். பிள்ளையால் சிரிக்க முடியவில்லை. மாலையில் விளக்கேற்றி நெல்லையப்பரை நினைத்துக் கண்ணை மூடினார். கண்ணுக்குள் கருப்பாக ஏதோ ஒழுகியது. உள்ளே கோமு தோழியிடம் புடவை நிறம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

வெள்ளம் வடிந்து முதல் தோணி போனதும் அக்கரை சேர்ந்து வண்டிக்காரன் குற்றாலலிங்கத்தின் மாட்டுவண்டியைப் பிடித்தார். தெற்கே போகப்போகத் தூறல் வலுத்தது.

"ஏன் பிள்ளைவாள், மாட்டை இப்படி விரட்டச் சொல்லுதிய? கருப்பட்டிக்குக் கால் முளைச்சு ஓடிரவா போகுது?"

"கால் எதுக்குலே? அது தண்ணியாவே ஓடிரும்."

நாங்குநேரியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நின்றார்கள். தெற்கிலிருந்து வந்த ஒருவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "அந்தப் பக்கம் பேய்மழை வே. எங்க தெருவுல ஒருத்தர் கிட்டங்கி மொத்தமும் பாகாப் போச்சு. எறும்புதான் பங்கு பிரிக்குது."

பிள்ளை அங்கேயே வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். தங்கையிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். எந்த வாக்கியமும் முடியவில்லை.

திசையன்விளைத் தெருவில் வண்டி திரும்பியபோது கிட்டங்கியின் ஓட்டுக்கு மேல் வெள்ளையாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளே அத்தனையும் பனையோலைப் பெட்டிகள். ஒரு பொறி போதும். தண்ணீர் விட்டுவைத்ததைத் தீ தின்கிறதா? பிள்ளை வண்டியிலிருந்து குதித்தார். செருப்பு சேற்றில் நின்றுவிட்டது. வெறுங்காலோடு ஓடினார்.

"தீ! தீ! யாராவது வாங்களேன்!"

"தீ இல்ல ஐயா! பைய வாங்க, வழுக்கும்" என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது.

ஓட்டின் மேல் அன்னத்தாய் உட்கார்ந்திருந்தாள். சில ஓடுகளைப் பிரித்து, அந்தத் திறப்பின் மேல் ஓலைக்குடையைப் பிடித்திருந்தாள். மறு கையிலிருந்து ஒரு சங்கிலி உள்ளே இறங்கியது. அதன் நுனியில் கனல் போட்ட சட்டி. கனல் மேல் தேங்காய்க் கதம்பை புகைந்தது. அவள் முகமெல்லாம் கரி.

"அவுக தூத்துக்குடிக்கு விலை பேசப் போயிருக்காவ. மழையில அங்கனயே மாட்டிக்கிட்டாவ. பொறி விழுந்திரக் கூடாதுன்னு நானே காவல் இருக்கேன். ஏறி இறங்கி முட்டி தேஞ்சு போச்சு."

பிள்ளை பூட்டைப் பார்த்தார். அரக்கு முழுதாக இருந்தது. அவர் முத்திரையில் கீறல்கூட இல்லை. அதை உடைத்துப் பூட்டைத் திறந்தார். கதவைத் தள்ளினார். புகை கண்ணைக் கரித்தது. அடித்தட்டுப் பெட்டிகளைத் தொட்டார், கை ஒட்டியது. அதற்கு மேல் தட்டைத் தொட்டார். கல்போல் இருந்தது. அடுத்ததும் கல். எட்டிய மட்டும் தொட்டுக்கொண்டே போனார். அடித்தட்டு ஒன்றுதான் இளகியிருந்தது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். அழுகிறாரா, புகையா என்று அவருக்கே தெரியவில்லை.

"அரக்கை உடைச்சிட்டுக் கதவு வழியாவே புகை போட்டிருக்கலாமே, அம்மா?"

"உடைச்சிட்டு எத்தனை சத்தியம் பண்ணினாலும் நீங்க நம்புவியளா?"

பிள்ளை தலைகுனிந்தார். அவள் இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுவும் இல்லாம, அன்னைக்கு நீங்க முத்திரை வச்சு முடிச்ச பிறகுதான், பிள்ளை பெத்த என் தங்கச்சிக்கு மருந்து கிண்டக் கருப்பட்டி இல்லன்னு நினைவு வந்துச்சு. வாயெடுக்கப் பயம். நான் முழிச்சதைப் பாத்து நீங்களே கேட்டிய. அரக்கு ஆறக்கூட இல்ல. உடைச்சு, ஒரு பெட்டியை எடுத்துக் கையில தந்துட்டு, மறுபடியும் உருக்கி வச்சிய. அதை நான் உடைக்கலாமா?"

அவருக்கு அது மறந்தே போயிருந்தது. கடவுள் எதைக் குறித்து வைத்துக்கொள்கிறார் என்று மனிதனுக்குத் தெரிவதில்லை.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். மறுபடி முத்திரை வைக்கக் கொண்டுவந்த அரக்குக் கட்டியை எடுக்காமல் மடியிலேயே விட்டுவிட்டார்.

திரும்பும் வழியில் மழை மறுபடியும் பிடித்தது. அவர் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. சாவி இல்லை. ஒரு கணம் உடம்பு குளிர்ந்துவிட்டது. பிறகு, இனி அவள் ஓட்டின் மேல் ஏற வேண்டியதில்லை, கதவு வழியே போவாள் என்று நினைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோதுதான் முன்னால் குற்றாலலிங்கத்தின் முதுகு தெரிந்தது. வரும்போதும் அந்த முதுகு இப்படித்தான் நனைந்திருக்கும். அவர் பார்க்கவில்லை.

"ஏலே, கொஞ்சம் பின்னால நகந்து உக்காரு" என்று தன் குடையை விரித்து அவன் தலைக்கு மேல் பிடித்தார்.