எட்டு டன் வீடு

குடியிருக்க டிரெய்லர் வாங்கப் போகிறவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். முதலில் அதை இழுக்கப்போகும் உங்கள் பிக்கப் வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். வண்டி முதுகில் எவ்வளவு சுமை தாங்கும் என்று அதில் போட்டிருக்கும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது எவ்வளவு இழுக்கும் என்பதை. இழுப்பது வேறு, தாங்குவது வேறு. இதை என் புருஷன் ஆரினுக்குப் புரியவைக்க முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கை எனக்குப் போதவில்லை.

ஆரினும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு. அதனால் எங்களுக்குள் அவர் இவர் எல்லாம் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே அவன் சொல்லிவிட்டான், சீடர் சிட்டி வீட்டை விற்றுவிட்டு டிரெய்லரிலேயே குடியேறப் போகிறோம் என்று. பின்பாதியில், மணல்மேடுகளில் ஏறி இறங்கி ஓட்டி விளையாடும் அவன் மணல் வண்டியை நிறுத்தும் கொட்டகை, முன்பாதியில் நாங்கள். வாரம் ஒரு மணல்மேடு, அங்கே அவன் கூட்டாளிகள், அவர்கள் வண்டிகள், புழுதி. நான் பாதி மனதோடு தலையாட்டினேன். முழு மனதோடு ஆட்டினாலும் பாதி மனதோடு ஆட்டினாலும் தலை ஒன்றுதானே ஆடுகிறது.

டிரெய்லர் கடையில் நான் சின்னதாக ஒன்றைக் காட்டினேன். அவன் இருப்பதிலேயே நீளமானதன் முன்னால் போய் நின்றுகொண்டான்.

"உங்க வண்டி இத சுண்டுவிரல்ல இழுத்துட்டுப் போயிரும் சார்," என்றான் விற்கிறவன்.

நான் பிக்கப் கதவைத் திறந்து சீட்டைப் படித்தேன். "சுண்டுவிரல் இழுக்கும்ப்பா. முதுகு தாங்குமா? இதுல வேற மாதிரி போட்டிருக்கே."

"அது கம்பெனி வக்கீலுங்க கேஸுக்குப் பயந்து எழுதுறது," என்று ஆரின் சிரித்தான். "நீ உள்ள வந்து அடுப்பப் பாரு."

விற்கிறவன் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். "மேடம், பின்னாடி மணல் வண்டிய ஏத்திட்டா டிரெய்லர் மூக்கு உங்க பிக்கப் முதுகுல அமுக்குற பாரம் குறைஞ்சிரும். சக்கரம் நடுவுல இருக்குல்ல, சீசா பலகை மாதிரி. காலியா இழுத்தாத்தான் முன்னாடி அமுக்கும்." அதை நான் மனதில் போட்டுக்கொண்டேன். ஆரின் அப்போது பின்பாதிக் கொட்டகையின் கூரையிலிருந்து பொத்தானை அமுக்கினால் இறங்கி வரும் கட்டிலை ஏற்றி இறக்கி விளையாடிக்கொண்டிருந்தான்.

அந்தக் கட்டிலில்தான் டிரெய்லரை வாங்கிய அன்றிலிருந்து தூக்கம். கீழே மணல் வண்டி, அதற்கு மேலே நாங்கள். தலையணை உறையெல்லாம் பெட்ரோல் வாடை. குளியலறையில் திரும்ப வேண்டுமென்றால் வெளியே வந்து திரும்பிக்கொண்டு மறுபடி உள்ளே போக வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம், சண்டை வந்தால் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போக இன்னொரு அறை இல்லை. இறங்கிப் போனால் வெளியே அவன் கூட்டாளிகள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு மூச்சு முட்டியது. சொன்னேன். "பழகிரும் டெல்லா," என்றான். திரும்பிப் போக வீடும் இல்லை. இந்தப் பெட்டியிலிருந்து எப்படியாவது வெளியே வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆகஸ்டில் கானப் என்கிற ஊருக்குப் பக்கத்து மணல்மேட்டில் கூட்டாளிகள் சேர்ந்தார்கள். நெடுஞ்சாலையில் போனால் ஒரு நீண்ட இறக்கம் உண்டு. போன தடவை அங்கே பிரேக்கிலிருந்து புகை வந்தது. சுமை அதிகம் என்று ஒப்புக்கொள்ள ஆரினுக்கு வாய் வரவில்லை. "இந்தத் தடவ மண் ரோட்டுல போவோம். கிட்ட," என்றான்.

மண் ரோடு வளைந்து வளைந்து போய் ஒரு வறண்ட ஓடைக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறியது. இரண்டு பக்கமும் சிவப்புப் பாறை. திருப்ப இடமில்லை. ஓடையின் நடுவில் மணல் இளகலாக இருந்தது. பிக்கப்பின் பின்சக்கரங்கள் சுழன்றன, நகரவில்லை.

ஆரின் இறங்கிப் பார்த்தான். "பாரத்தக் குறைக்கணும். மணல் வண்டிய இறக்கிருவோம்."

"இறக்காத," என்றேன். "அது பின்னாடி இருக்கிறதாலதான் மூக்கு கொஞ்சமாவது லேசா இருக்கு. எடுத்தா மொத்தமும் பிக்கப் மேலதான் உக்காரும். கடைக்காரனே சொன்னான்ல."

"நீ எப்ப இஞ்சினியர் ஆன?"

"நீ கட்டில ஏத்தி எறக்கிட்டிருந்தப்ப."

அவன் கேட்கவில்லை. பின்கதவைச் சாய்தளமாக இறக்கி, மணல் வண்டியை வெளியே ஓட்டி, எதிர்க்கரை மேட்டில் நிறுத்திவிட்டு வந்து பின்கதவைத் தூக்கிச் சாத்தினான். இந்த மனுஷர்கள் எல்லோரும் இப்படித்தான், இறக்கினால் லேசாகும் என்று நினைப்பார்கள். பிறகு பிக்கப்பில் ஏறி மிதித்தான். அதன் பின்பக்கம் முனகிக்கொண்டே அச்சு வரைக்கும் மணலில் இறங்கியது. முன்சக்கரங்கள் தரையைச் சும்மா தொட்டுக்கொண்டு நின்றன.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. 'சொன்னேன்ல' என்று சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு எவ்வளவு பிரயத்தனம் ஆயிற்று என்று எனக்குத்தான் தெரியும்.

சரி, டிரெய்லரைக் கழற்றிவிட்டுப் பிக்கப்பையாவது மீட்கலாம் என்று கொக்கியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தோம். அவ்வளவு பாரமும் அதன்மேல் உட்கார்ந்திருந்ததால் அது அசைந்துகொடுக்கவில்லை. டிரெய்லரின் முன்கால்களை இறக்கித் தூக்கப் பார்த்தோம். கால்கள் மணலுக்குள் போய்க்கொண்டே இருந்தன. கைபேசியில் சிக்னல் இல்லை. எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தது, ஆனால் வடக்கே வானம் சட்டி அடி மாதிரி கறுத்துக் கிடந்தது. காற்றில் நனைந்த புதர் வாசனை வந்தது. இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவளுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

"ஆரின், மேல மழை. ஓடையில தண்ணி வரும். வா, மேட்டுக்குப் போயிரலாம்."

அவன் பிக்கப்பில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "நீ போ. நான் வரல."

"ஏன்யா, உனக்குக் கிறுக்கா?"

"இது நம்ம வீடு டெல்லா. வேற என்ன இருக்கு நமக்கு?"

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எங்கோ ஜல்லி கொட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது. கதவைத் திறந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வீடு போனா போகுது. நீ செத்து, அந்தப் பொணத்தையும் நானே இழுத்துட்டு அலையணுமா? இறங்கு." ஸ்டியரிங்கை விட்டான். இறங்கினான்.

கரையேறி மணல் வண்டியில் உட்கார்ந்தோம். வழக்கமாக அவன்தான் ஓட்டுவான். அன்று நான் ஓட்டும் இடத்தில் ஏறினேன், அவன் சுற்றிவந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

தண்ணீர் சினிமாவில் காட்டுகிற மாதிரி சுவராக வரவில்லை. செம்மண் குழம்பாக, குச்சியும் செத்தையும் தள்ளிக்கொண்டு, அவசரமில்லாமல் வந்தது. பிறகுதான் வேகம் பிடித்தது. பிக்கப்பின் சக்கரங்கள் மறைந்தன. டிரெய்லரின் வாசற்படி பிய்த்துக்கொண்டு போனது. ஆரின் தலையில் கைவைத்துக்கொண்டான். நான் வெட்கமே இல்லாமல் வேண்டிக்கொண்டேன்: எடுத்துட்டுப் போ, மொத்தமா எடுத்துட்டுப் போ. ஒருமுறை டிரெய்லர் லேசாக ஆடியது. நான் இருக்கையிலிருந்து எழுந்தேவிட்டேன்.

அவ்வளவுதான். அது நின்றது. தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் வடிய ஆரம்பித்து, கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது.

ஆரினுக்கு உயிர் திரும்பிவிட்டது. "பாத்தியா? நீ சொன்ன சின்னத வாங்கியிருந்தா இந்நேரம் அடுத்த ஊருக்கு மிதந்து போயிருக்கும். எட்டு டன், டெல்லா. எட்டு டன்."

சேற்றில் வழுக்கி வழுக்கி இறங்கிப் போனான். வாசற்படி இல்லாததால் முழங்காலை ஊன்றி ஏறி உள்ளே எட்டிப் பார்த்தான். "உள்ள ஒரு சொட்டு இல்ல," என்று அங்கிருந்தே கத்தினான். "ஃபிரிட்ஜ் ஓடுது. வா, குளிரா ஒரு சோடா குடிச்சிட்டுப் படுப்போம். காலையில எவனாவது வருவான்."

வெள்ளம்கூட என்னை விடுவிக்கவில்லை. திரும்பவும் அந்தப் பெட்ரோல் வாடை, அந்தக் கட்டில், பழகிரும் என்கிற பேச்சு. அவன் வாசலில் நின்று, என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். நல்ல மனுஷன்தான். அதுதான் கஷ்டமே. நான் சாவியைத் திருகினேன்.

"எங்க போற?"

"கானப்புக்கு. இழுவை வண்டி அனுப்புறேன்."

"இப்பவேவா? இருட்டுறதுக்குள்ள வந்துருவல்ல?"

"வில்டா வீட்டுல இருப்பேன்." வில்டா என் தங்கை. அவள் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது, கதவோடு.

அவன் கையை இறக்கினான். வண்டியைத் திருப்ப மேட்டில் தாராளமாக இடம் இருந்தது.

சிக்னல் கிடைத்த இடத்தில் நிறுத்தி இழுவைக்காரனைக் கூப்பிட்டேன். எந்த ஓடை, எவ்வளவு புதைந்திருக்கிறது, எவ்வளவு எடை, எல்லாம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"கூட்டிட்டு வரணும்ல, அதுக்காகக் கேக்கறேன்," என்றான். "டிரெய்லர்ல மொத்தம் எத்தன பேர் இருக்கீங்க?"

"ஒருத்தர்," என்றேன்.