எட்னா கேட்காத விடை

வானொலியில் புதிர் நிகழ்ச்சி தொடங்கியதும் எட்னா வழக்கம்போலச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். விடையை நேயர்களுக்கு மட்டும் ஒரு குரல் முன்கூட்டியே சொல்லிவிடும். லண்டனில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள் அது தெரியாமல், இருபது கேள்விக்குள் கேட்டுக் கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். அவர்களை முந்துவதில் எட்னாவுக்கு அப்படியொரு ஆசை. விடையைக் கேட்டு வைத்துக்கொண்டு அவளுக்கு ஆமாம், இல்லை சொல்வது கணவன் பெர்சியின் வேலை. லீட்ஸில் அந்த வீட்டின் வெள்ளிக்கிழமைகள் இப்படித்தான் போயின.

இப்போது பெர்சிக்குப் பேச்சு இல்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து கணப்படுப்பையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அதற்கு மேலே, கடிகாரத்தின் பக்கத்தில், அவன் ஓட்டிய கடைசி ட்ராமின் பித்தளை மணி. ட்ராம்களை நிறுத்தியபோது பணிமனையில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தது. அதைத் துடைத்துத் துடைத்தே எட்னாவுக்கு அலுத்துவிட்டது.

பெர்சியின் தங்கை வின்னி வந்திருந்தாள். நோயாளிகள் இல்லம் ஒன்றில் அவனுக்குக் கட்டில் சொல்லிவைத்திருந்தாள். காலையில் வண்டி வரும். நிகழ்ச்சிக்குச் சற்று முன்புதான் அந்தப் பேச்சு நடந்தது.

"அண்ணனுக்குச் சுயநினைவு இருந்தா நான் ஏன் அனுப்பப் போறேன்? ஒண்ணும் புரியல அண்ணி, அவருக்கு."

"புரியுதுடி. என் கையை அழுத்திப் பதில் சொல்றான். ஒரு தடவைன்னா ஆமா, ரெண்டுன்னா இல்ல."

வின்னி பெருமூச்சு விட்டாள். அவளுக்கு அண்ணி மேல் பாவமாக இருந்தது.

இப்போது எட்னா சமையலறையிலிருந்து திரும்பி வந்து ஈரக் கையோடு பெர்சியின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "ஏமாத்தக் கூடாது, திருட்டுப் பயலே. உயிர் உள்ளதா?"

இரண்டு அழுத்தல்.

"உலோகமா?"

ஒன்று.

"நம்ம வீட்டுல இருக்கா?"

ஒன்று.

வானொலியில் ஒரு சீமாட்டி அதையே கேட்டாள்: "வீட்டில் இருக்கும் பொருளா?"

"அம்மணி, அது வீட்டுக்குள் வந்தால் ஆபத்து!" என்றார் நிகழ்ச்சியை நடத்துபவர். அரங்கமே சிரித்தது.

எட்னாவின் முகம் வாடிவிட்டது. "யோசிச்சுச் சொல்லு கண்ணு. நம்ம வீட்டுலயா?"

மறுபடியும் ஒன்று. இந்த முறை அழுத்தமாக.

"நீ சொன்னதுதான் சரி போல, வின்னி," என்றாள் எட்னா.

குழாய்ச் சத்தத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து விடை சொன்ன அந்தக் குரலைக் கேட்டவள் வின்னி. 'ட்ராம் மணி' என்றுதான் அது சொன்னது. உலகத்தில் வேறு யார் வீட்டில் இருக்கும் அது? அவள் கணப்படுப்புக்கு மேலே பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏண்டி அழறே? என்ன அது? நீதான் கேட்டியே, சொல்லித் தொலை."

"மாட்டேன்." வின்னி எழுந்து, நிகழ்ச்சியை நடத்துபவர் விடையைச் சொல்வதற்குள் வானொலியை அணைத்தாள். "என்னைக் கேக்காதீங்க அண்ணி. அண்ணனைக் கேளுங்க. இன்னும் நிறையக் கேள்வி பாக்கி இருக்கு."

எட்னா ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தாள். பிறகு கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, பெர்சியின் கையை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"இந்த ரூம்லயா, பெர்சி?"