வேற எங்கயும் ஓடாது

பழைய கணினியின் மூடியைக் கழற்றியதும் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல மூன்று தட்டு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி மூன்று தட்டு. உள்ளே ஹார்ட் டிஸ்க் தன் இடத்தைத் தேடித் தேடித் தவறிக்கொண்டிருந்தது. ரிப்பேர் கடைக்காரி சட்டென்று சுவிட்சை அணைத்தாள்.

"ஏம்மா நிறுத்திட்டீங்க? உயிர் இருக்கா?" என்றார் கணக்கு டீச்சர்.

"இருக்கு டீச்சர். ஆனா மூச்சு வாங்குது. ஒவ்வொரு தடவை போடும்போதும் அது கடைசித் தடவையா இருக்கலாம்."

பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளி அது. டீச்சருக்கும் பிறவியிலேயே பார்வை இல்லை. அறையின் மூலையில் பீரோவைப் படுக்கப் போட்டதுபோல பிரெய்ல் அச்சு இயந்திரம் கிடந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பத்தொன்பது பிள்ளைகள் ஆண்டுத் தேர்வில் கணக்கு எழுத வேண்டும். டீச்சர் மூன்று வாரமாகத் தட்டச்சு செய்த கேள்வித்தாள் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. கணக்குக் குறிகளைப் புள்ளிகளாக மாற்றி இயந்திரத்துக்கு அனுப்பும் மென்பொருளும் அதில்தான். போன வருடம் இயந்திரம் மக்கர் செய்ததால் ஒருவர் கேள்விகளை வாசித்துக் காட்டினார். நன்றாகப் படிக்கும் ஒரு பெண் அந்த முறை தோற்றுப்போனாள்.

"கணக்கைக் காதால போட முடியாதும்மா. விரலுக்குக் கீழ இருக்கணும். திரும்பிப் போய்த் தொட்டுப் பார்க்கணும்," என்றார் டீச்சர்.

கடைக்காரி தலையாட்டினாள். பிறகு, தலையாட்டினால் அவருக்குத் தெரியாது என்பது உறைத்து, "சரிங்க டீச்சர்" என்றாள். டீச்சரிடம் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. இந்தச் சத்தத்தை அவள் இரண்டு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கிறாள். அப்போதே வேறு டிஸ்க்குக்கு மாற்றியிருக்கலாம். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த மென்பொருளை எழுதியது அவளுடைய கணவன். அதாவது, ஆறு வருடத்துக்கு முன்புவரை கணவன். இருவரும் சேர்ந்து நடத்திய கடையில், பேச்சுவார்த்தை முறிந்துகொண்டிருந்த மாதங்களில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினான். பெரிய சண்டை ஒன்றில், "என்னைக் கேக்காம இதை வேற எங்கயும் கொண்டுபோக முடியாது. வேற டிஸ்க்ல ஓடாது, பார்த்துக்கோ" என்று கத்தினான். வாய்ச்சவடால்தான் என்று அவள் நினைக்க விரும்பினாள்.

தன் பழைய சாமான் பெட்டியிலிருந்து கொண்டுவந்திருந்த, அதே காலத்து டிஸ்க் ஒன்றைப் பட்டைக் கேபிளில் மாட்டினாள். அதற்கும் வயதாகிவிட்டது, ஆனால் சத்தமில்லை. மேசை மின்விசிறியை இழுத்துவந்து, நோயாளியான பழைய டிஸ்க்குக்கு நேரே திருப்பினாள். பிரதியெடுக்கும் நிரலைத் தொடங்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். இனி அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை.

காலை பதினொன்றரைக்கு இருபது சதவீதம். ஒரு மணிக்கு நாற்பத்தெட்டு. அறுபத்தொன்றில் எண் அப்படியே நின்றது. மூன்று தட்டு, ஓய்வு, மூன்று தட்டு. டீச்சர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்த விதத்தில் அவருடைய விரல் நுனிகள் வெளுத்திருந்தன. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போகும்படி அவள் கட்டளை கொடுத்தாள். எண் அசைந்தது. இரண்டரைக்கு நூறைத் தொட்டபோது பதினொரு இடங்கள் படிக்கப்படாமல் விடுபட்டிருந்தன. அந்த இடங்களில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய டிஸ்க்கை இன்னொரு முறை சுழலவிட்டுப் பார்த்தாள். கர் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதன் கதை முடிந்திருந்தது.

மாற்று டிஸ்க்கிலிருந்து கணினி எழுந்தது. அவள் மூச்சை விட்டாள். மென்பொருளைத் திறந்தாள். சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்தது. 'அனுமதி எண்ணைத் தரவும்.'

வாய்ச்சவடால் இல்லை.

அவனுடைய புது போன் எண் அவளிடம் இல்லை. அவன் தங்கைக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கத்திலிருந்து, பழக்கதோஷத்தில், "அண்ணி?" என்றது குரல். காரணம் கேட்காமல் எண்ணைக் கொடுத்தாள். "திட்டுனா கோவிச்சுக்காதீங்க அண்ணி" என்று மட்டும் சேர்த்துக்கொண்டாள்.

அவன் மூன்றாவது மணியில் எடுத்தான். நீ, வா, போ என்றே அவனிடம் பேசிப் பழகிய வாய், "நான்தான் பேசுறேன். உங்ககிட்ட ஒரு உதவி" என்றது. அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

"எப்ப இருந்து சத்தம் வருது?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா சும்மாவா இருந்த?"

டீச்சர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லாமே கேட்கும். "மாத்தினா உங்களைக் கூப்பிட வேண்டியிருக்கும்னு விட்டுட்டேன்," என்றாள் அவள். முகம் சுட்டது. டீச்சர் அசையவில்லை.

"டிஸ்க் மேல இருக்கிற நம்பரைப் படி. அதை வச்சுத்தான் அனுமதி எண்ணைக் கணக்குப் போடணும். அந்த முறை எழுதின நோட்டை எங்க வச்சேன்னு தெரியல, தேடிட்டுக் கூப்பிடறேன்."

அவள் ஒட்டுத்தாளைப் பார்த்துப் படித்துச் சொன்னாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. இடையில் காவலாளி எட்டிப் பார்த்து, ஆறு மணிக்குப் பூட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போன் அடித்தது. அவன் சொன்ன எண்ணை அவள் ஒவ்வொன்றாக அடித்தாள். தவறு.

"சைபர் சொன்னேனே, அதை ஓ எழுத்துன்னு அடிச்சியா?"

மாற்றி அடித்தாள். தவறு.

"நிறுத்து," என்றான் அவன். குரல் மாறியிருந்தது. "இனிமே கை வைக்காத. மூணாவது தடவையும் தப்பாச்சுன்னா அது தன்னையே அழிச்சுக்கும். அணைச்சுப் போட்டாலும் மறக்காது."

"இப்படி எல்லாம் எதுக்கு எழுதுனீங்க?"

"அப்ப எனக்குக் கோபம். நீ அதைத் தூக்கிட்டுப் போயிடுவியோன்னு பயம். பசங்களை நினைக்கல," என்றான்.

அவள் டிஸ்க்கின் ஒட்டுத்தாளை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தேய்ந்துபோன தாளில் ஏழாவது எழுத்து எட்டு போலவும் இருந்தது, ஆங்கிலப் பி போலவும் இருந்தது. எட்டு என்றுதான் அவள் படித்திருந்தாள். ஊகித்துச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை. கணினியை மறுபடி தொடங்கி, அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்தாள். அங்கே டிஸ்க் தன் எண்ணைத் தானே சொல்லிக்கொண்டது. பி.

"பி-தான். என்மேலதான் தப்பு," என்றாள்.

அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம். அவன் புதிய எண்ணைச் சொன்னான். அவள் திருப்பிச் சொன்னாள். இன்னொரு முறை அவன் சொன்னான். அடித்து முடித்த பிறகும் அவள் விரல் கடைசிப் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"அமுக்குங்கம்மா," என்றார் டீச்சர் மெதுவாக. "தள்ளிப்போட்டா மட்டும் என்ன மாறிடப்போகுது?"

அமுக்கினாள். சாம்பல் பெட்டி மறைந்தது. கோப்புகளின் பட்டியல் வந்தது. கணக்கு, ஆண்டுத் தேர்வு. இயந்திரம் ஒரு முறை குலுங்கி, ஆணி அடிப்பதுபோல அறை முழுக்க அதிர, கனத்த தாளை வெளியே தள்ளத் தொடங்கியது.

"ஓடுதா?" என்று போனில் கேட்டான். அவள் போனை இயந்திரத்தின் பக்கம் நீட்டினாள். திரும்பக் காதில் வைத்தபோதும் அவன் இணைப்பைத் துண்டித்திருக்கவில்லை. அவன் பக்கம் எங்கோ ஒரு குழந்தை சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

முதல் தாளை டீச்சர் மடியில் விரித்தார். விடுபட்ட பதினொரு இடங்களைப் பற்றி அவரிடம் அவள் சொல்லியிருந்தாள். அவருடைய இரண்டு ஆள்காட்டி விரல்களும் வரிகளின்மேல் ஊர்ந்தன. முதல் தாள் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவது தாளின் நடுவில் விரல்கள் நின்றன, பின்னால் போயின, மறுபடி அதே இடத்துக்கு வந்தன. அவள் போனைக் காதோடு அழுத்தியபடி, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.