அதே விலைக்குப் பதினேழு அங்குலம்

படகுக்காரனுக்குக் கால் பிசகியபோது மாமனார் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு மாசம் நீ ஓட்டு மாப்பிள்ளை, அதுக்குள்ள அவன் கால் சரியாயிடும்." படகுக்காரன் கால் இருபதே நாளில் சரியானது. சரியான காலோடு நடந்துபோய் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மாப்பிள்ளையின் ஒரு மாதம்தான் ஒன்பது வருடமாக முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏரியின் இந்தக் கரையில் வீடும் கிடங்கும். எதிர்க்கரையில் சந்தை, சந்தைக்குள் மாமனாரின் துணிக்கடை. நடுவில் பதினாலு கிலோமீட்டர் தண்ணீர். சாலையில் சுற்றிப் போனால் மூன்று மணி நேரம் ஆகும், பஸ் கட்டணமும் ஆகும். மாப்பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. காலை முதல் நடையில் மாமனார், இரண்டு மச்சான்கள், கணக்குப்பிள்ளை, ஆறு துணி மூட்டை. இரண்டாவது நடையில் கடையில் தைக்கிற பெண்கள், அவர்களோடு அவன் மனைவி, தையல் மெஷின்கள், சாப்பாட்டுக் கேரியர்கள். சாயங்காலம் எல்லாமே திரும்பி வரும், விற்றது போக.

வீட்டில் அவனுக்கென்று ஒதுக்கிய அறை கிடங்கை ஒட்டியது. அதாவது, கிடங்கு அதை ஒட்டிக்கொண்டே வந்தது. சரக்கு வரும்போதெல்லாம் இடம் போதாமல் நான்கு மூட்டை அறைக்குள் வரும். போகும்போது இரண்டுதான் போகும். ஜன்னல் இருக்கிறது என்பது மனைவிக்கும் அவனுக்கும் ஞாபகத்தில்தான் இருந்தது. கட்டிலிலிருந்து ஒரு பக்கமாகத்தான் இறங்க முடியும். அந்தப் பக்கத்தில் படுத்தவர் எழுந்தால்தான் அடுத்தவருக்கு வழி.

இந்த நிலையில்தான் சந்தைக்கரைப் படகுப் பட்டறையின் மேஸ்திரி ஒருநாள் துறையில் அவனைப் பிடித்தார். மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்னால் மெக்கானிக். இந்தப் படகில் ஓடுகிற இன்ஜினே அவன் தன் சம்பாத்தியத்தில் செகண்ட்ஹேண்டில் வாங்கியது. "திங்கக்கிழமை காலைல ஒம்பது மணி. வந்தா வேலை உனக்கு. ஒம்பது அஞ்சுக்கு வந்தா, வந்த வழியே போயிடு. இன்னொருத்தன் காத்துக்கிட்டிருக்கான்."

அன்று சாயங்காலமே மாமனாரிடம் கேட்டான். அவர் முடியாது என்று சொல்லவில்லை. வியாபாரி முடியாது என்ற சொல்லை வீட்டில் செலவழிப்பதில்லை.

"தாராளமா போயேன். ரெண்டு நடையை முடிச்சுட்டு நீ எங்க வேணா போ, உன்னை யாரு கட்டிப் போட்டிருக்கா?"

பெரிய மச்சான் சிரித்துவிட்டான். ஏனென்றால் இரண்டு நடை ஒன்பதே முக்காலுக்கு முன் முடியாது என்பது துறையில் திரியும் நாய்க்குக்கூடத் தெரியும். சந்தைக் கதவு ஏழு மணிக்குத்தான் திறக்கும். ஆறரைக்குக் கிளம்பினாலும் சுமை ஏறிய படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதுகொண்டே போகும். ஒரு மணி பத்து நிமிடம். முழு வேகத்தில் திருகினாலும் இன்ஜின் நிமிடத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேல் ஏறாது. அது ஐயாயிரத்தைத் தாண்டிச் சுற்றினால்தான் படகு எழுந்து தண்ணீர்மேல் ஓடும். எழுந்துவிட்டால் அரை மணி நேரத்தில் அக்கரை.

குற்றம் இன்ஜின்மேல் இல்லை. அதன் பின்னால் தண்ணீருக்குள் சுற்றுகிற காத்தாடிமேல்தான். அது பதின்மூன்று அங்குல பிட்ச். மரத்தில் திருகு இறங்குவதுபோல, ஒரு சுற்றுக்குப் படகைப் பதின்மூன்று அங்குலம் முன்னே தள்ளப் பார்க்கும். பழைய உரிமையாளர் தனியாளாக மீன் பிடித்தவர், அவருக்குச் சரி. வயதான இன்ஜின் ஒரு குடும்பத்தையே இழுக்கும்போது அவ்வளவு பெரிய அடி எடுத்து வைக்க முடியாது. அடியைச் சிறியதாக்க வேண்டும். ஓர் அங்குலம் குறைத்தால் இருநூறு சுற்று ஏறும். மூன்று குறைத்தால் அறுநூறு. பத்து அங்குலக் காத்தாடி போதும், அவனுடைய ஒன்பது மணி கைக்கு வந்துவிடும்.

"புதுக் காத்தாடி போட்டா வேகமா போகலாம் மாமா" என்றான். வேகம் என்றதும் மாமனாருக்குக் காது நீண்டது. "நானே வந்து வாங்கித் தரேன். நீ போனா தலையில மிளகாய் அரைச்சுடுவான்."

அங்கேதான் தப்பு நடந்தது.

படகு சாமான் கடைக்காரரை ஊரே 'பித்தளை' என்றுதான் கூப்பிடும். முன்பு பித்தளைப் பாத்திரம் விற்றவர். இப்போது அலுமினியம் விற்றாலும் பெயர் மாறவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமனார் அவர் கடையில் உட்கார்ந்து, சுவரில் வரிசையாகத் தொங்கிய காத்தாடிகளைக் கல்யாணப் பெண் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பத்து என்ன விலை?"

பித்தளை சொன்னார்.

"பதிமூணு?"

"அதே விலைதான்."

"பதினேழு?"

"அதுவும் அதே விலைதான் அண்ணாச்சி. எல்லாமே மூணு இறக்கை, எல்லாம் ஒரே வார்ப்பு."

மாமனார் பத்தையும் பதினேழையும் மாறிமாறிப் பார்த்தார். நாற்பது வருடம் துணி கிழித்த மனிதர். பத்து முழமும் பதினேழு முழமும் ஒரே விலை என்று ஒருவன் சொன்னால், சொன்னவன் ஏமாளியாக இருக்க வேண்டும், இல்லை கேட்கிறவன் ஏமாளி.

"அப்போ பத்து இஞ்ச்சை எந்தப் பைத்தியம் வாங்கும்?"

"மாமா, நமக்குப் பத்துதான்..." என்று ஆரம்பித்தான் மாப்பிள்ளை.

"நீ சும்மா இரு. கடையில வச்சு நம்ம தேவையைச் சொல்லக் கூடாது." சட்டைப்பையிலிருந்து துணி அளக்கும் டேப்பை எடுத்துப் பதினேழின் இறக்கைமேல் வைத்தார். அகலமாக அளந்தார், நீளமாக அளந்தார், குறுக்காக அளந்தார். "யோவ், இதுல பதினேழு எங்கய்யா இருக்கு? பதினொண்ணைத் தாண்டலை!"

"அது கண்ணுக்குத் தெரியாத இஞ்ச் அண்ணாச்சி. தண்ணியில ஒரு சுத்துக்குப் பதினேழு இஞ்ச் முன்னால போகும்."

"கண்ணுக்குத் தெரியாத இஞ்ச்சை விக்கிற. நானும் இந்த வயசு வரைக்கும் அதைக் கத்துக்காம போயிட்டேனே! சரி, பத்தொம்பது இருக்கா?"

பத்தொன்பது இருப்பில் இல்லை. இருந்திருந்தால் அதுதான் வந்திருக்கும். பித்தளை மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். வாடிக்கையாளர் யார், காசு யாருடையது என்பது இருவருக்கும் தெரியும். "ரெண்டு நாளைக்குள்ள கீறல் இல்லாம கொண்டாந்தா மாத்தித் தரேன்" என்றார் பித்தளை, மாப்பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி.

சனிக்கிழமை காலை பதினேழு அங்குலம் தண்ணீரில் இறங்கியது. வழக்கமான சுமை, வழக்கமான ஆட்கள். மாப்பிள்ளை கைப்பிடியை முழுக்கத் திருகினான். இன்ஜின் தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் முனகியது, கறுப்பாகப் புகைந்தது. மூவாயிரத்து எழுநூறு, மீட்டர் முள் அதற்கு மேல் அசையவில்லை. படகு நகர்ந்தது என்று சொல்லலாம், சொல்கிறவர் மனசாட்சியைப் பொறுத்து. பாதி ஏரியில் துடுப்புப் போட்டு வந்த ஒருவன் இவர்களைத் தாண்டிப் போனான். தாண்டும்போது மரியாதைக்காகக் கொஞ்சம் மெதுவாகப் போட்டான்.

"புதுசு இல்லையா. பழகப் பழக வேகம் எடுக்கும்" என்றார் மாமனார்.

"மாப்பிள்ளைக்குத் திருகத் தெரியலை" என்றான் பெரிய மச்சான்.

மாப்பிள்ளை புகையைப் பார்த்தான். இப்படியே ஒரு மாதம் ஓட்டினால் இன்ஜின் உள்ளுக்குள் வெந்துவிடும். திங்கட்கிழமைக்கு ஒரு மாதமா இருந்தது? இரண்டு நாள். கரை வந்தபோது ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அந்த நேரம் முழுக்கத் தன் சொந்த இன்ஜினைப் பிடித்துக்கொண்டு, தன் முதுகுக்குப் பின்னால் தானே புகை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குதித்து நீந்தலாம் என்று தோன்றியது. நீந்தினாலும் ஒன்று இந்தக் கரை, இல்லை அந்தக் கரை. இரண்டிலும் மாமனாருக்கு இடம் இருந்தது.

மத்தியானம் கடையின் பின்கட்டில் மனைவி சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொல்லி, "பத்துதான் சரின்னு நீயாவது சொல்லு. பொண்ணு சொன்னா கேப்பாரு" என்றான்.

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "எங்கப்பாகிட்ட குறைச்சலா எதையும் விக்க முடியாதுங்க. பத்து நல்லதுன்னு கடவுளே வந்து சொன்னாலும், அவருக்கு ஏழு இஞ்ச் நஷ்டம். அந்தப் பத்துல கூடுதலா என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க."

"கூடுதலா ஒண்ணும் இல்ல. மூணு இறக்கை, அதே..." அவன் நிறுத்தினான். "நாலு இறக்கையிலயும் பத்து வருது. சுமை தூக்க அது இன்னும் நல்லது."

"அப்புறம் என்ன? நாலை மட்டும் சொல்லுங்க. பத்தை மறந்துடுங்க."

துடுப்புக்காரன் தாண்டிப் போனது மாமனாருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கீறல் படாமல் துணியில் சுற்றிய பதினேழோடு பித்தளை கடைக்குப் போனார்கள். மனைவி சொல்லிக்கொடுத்தபடி மாப்பிள்ளை பத்து என்ற பேச்சையே எடுக்கவில்லை. உள்ளே தொங்கிய ஒன்றை மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். மருமகன் எதைப் பார்க்கிறான் என்று மாமனாரும் பார்த்தார்.

"அது என்ன, நாலு இறக்கை?"

பித்தளை பிழைக்கத் தெரிந்தவர். "அதை விடுங்க அண்ணாச்சி, அது ஒருத்தர் கேட்டு வச்சிருக்கேன்."

"ஒருத்தர் பணம் குடுத்துட்டாரா?"

"இன்னும் இல்ல..."

"அப்போ அது அந்த ஒருத்தருது இல்ல. மூணு விலைக்கு நாலு குடு."

"ஒரு இறக்கை கூட இருக்கே அண்ணாச்சி, கையைக் கடிக்குமே!"

கால் மணி நேரம் பேரம் நடந்தது. இருவரும் எழுந்து போவதுபோல் மூன்று முறை எழுந்தார்கள்; கடை யாருடையது என்பதே மறந்து ஒருமுறை பித்தளையே வாசல்வரை போய்விட்டார். முடிகிற நேரத்தில் மாமனார் திடீரென்று, "இது எத்தனை இஞ்ச்?" என்றார்.

"பத்து."

மாமனாரின் உதடு அசைந்தது. மனக்கணக்கு.

"நாலு இறக்கை, பத்து பத்தா நாப்பது. அது மூணு இறக்கை, பதினேழு பதினேழா அம்பத்தொண்ணு." அவர் முகம் இறுகியது. "பதினொரு இஞ்ச் நஷ்டமா? ஆள் பார்த்துத்தான்யா விக்கிற நீ!"

பித்தளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். இந்தக் கணக்கைப் போட அவருக்கு அனுபவம் போதவில்லை. இறக்கையையும் அங்குலத்தையும் பெருக்குவது மாட்டின் வாலையும் பாலையும் பெருக்குவதுபோல என்று மாப்பிள்ளையின் உள்ளே இருந்த மெக்கானிக் கத்தினான். மாப்பிள்ளை அவன் வாயைப் பொத்தினான்.

"நாப்பதுதான் மாமா வேணும்" என்றான் நிதானமாக. "நம்ம இன்ஜின் நாப்பது குதிரை. நாப்பதுக்கு நாப்பது. கணக்கு நேராகுது. அம்பத்தொண்ணுன்னா பதினொரு குதிரை நமக்குக் குறையுது. அதான் நேத்து இழுக்கலை."

மாமனார் அவனை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு பித்தளையின் தோளைத் தட்டினார். "பாத்தியா? ஒம்பது வருஷம் என்கூட இருந்ததுல கொஞ்சம் கணக்கு வந்திருக்கு."

அந்த ஒன்பது வருடத்தில் மாப்பிள்ளை இன்ஜினைப் பற்றிச் சொன்ன முதல் பொய் அது. அவன் சொன்னதில் அந்த வீடு நம்பிய முதல் விஷயமும் அதுதான்.

திங்கட்கிழமை ஆறரை. ஐந்து பேர், ஆறு மூட்டை. கைப்பிடியைத் திருகினான். படகு ஒரு கணம் யோசித்தது. பிறகு பின்புறம் உயர்ந்தது, மூக்கு தாழ்ந்தது, தண்ணீரின் சத்தமே மாறியது. மீட்டரில் ஐயாயிரத்து ஐம்பது. கணக்குப்பிள்ளையின் துண்டு பறந்தது. இருபத்தெட்டாவது நிமிடம் அக்கரை. மாப்பிள்ளைக்குக் கண்ணில் நீர் வந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டான்.

மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வியாபாரி அப்படிப் பார்க்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் பயப்பட வேண்டும். மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோதே ஒரு பாத்திர வியாபாரிக்குப் போன் போட்டுவிட்டார். "தம்பி, நம்ம படகு இப்போ அரை மணியில வருது. உன் பாத்திர மூட்டையை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுத் துறைக்கு வந்துடு. எட்டே முக்காலுக்கு மூணாவது நடை... கூலியைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

"மாமா, ரெண்டு நடைன்னு சொன்னீங்க."

"நான் சொன்னது பழைய காத்தாடிக்கு. நேரம் மிச்சம் ஆச்சுன்னா அதைச் சும்மா விடுறதா? காத்தாடி யாரு காசு?"

மாப்பிள்ளை இரண்டாவது நடைக்குத் திரும்பினான். பெண்களையும் மெஷின்களையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி எட்டு இருபது. வழியெல்லாம் ஒன்றுதான் ஓடியது: படகு எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு சுமை ஏறும். மூன்று நாலாகும், நாலு ஐந்தாகும். இறக்கை கூடியது அவனுக்கு இல்லை.

எல்லோரும் இறங்கினார்கள். மனைவி கடைசியாக இறங்கினாள். மேலே துறைப்படியில் நின்று மாமனார் கை காட்டினார். "சட்டுனு திரும்பு, பாத்திரக்காரன் காத்துக்கிட்டிருக்கான்!"

மாப்பிள்ளை படகை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினான். இன்ஜினைச் சாய்த்துத் தூக்கினான். இடுக்கியால் பூட்டுப் பின்னின் காலை நிமிர்த்தி உருவினான், நட்டைக் கழற்றினான், காத்தாடியை இழுத்து எடுத்தான். ஈரம் சொட்ட அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியேறினான்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"காத்தாடி உங்க காசு மாமா. இங்க விட்டா திருட்டுப் போயிடும். பத்திரமா வச்சிருந்து சாயங்காலம் மாட்டறேன்."

"அப்போ பாத்திர மூட்டை?"

"ரெண்டு நடை முடிஞ்சுது மாமா."

அவன் நடந்தான். பின்னால் மாமனார் என்னென்னவோ சொன்னார். சந்தைச் சத்தத்தில் கேட்காதவன்போல் நடந்தான். பட்டறைச் சுவரில் மணி எட்டு ஐம்பத்திரண்டு. மேஸ்திரி அவன் கக்கத்தைப் பார்த்தார். "வேலைக்குச் சேர வரும்போது பொருளோட வர்றவனை இப்போதான் பாக்கறேன்."

சாயங்காலம் ஐந்தரைக்கு அவன் துறைக்கு வந்தபோது எல்லோரும் இருந்தார்கள். விற்காத மூட்டைகள்மேல் மச்சான்கள், படியில் தைக்கிற பெண்கள், காலிக் கேரியர்கள், கணக்குப்பிள்ளை. படகு வால் இல்லாத கோழிபோல் அசைந்துகொண்டிருந்தது. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவர்கள் அவனுக்காகக் காத்திருந்தார்கள். இருந்தாலும் அதே ஆட்கள், அதே சுமை, அதே கரை. அறையில் அதே மூட்டைகள்.

அவன் முட்டி போட்டுக் காத்தாடியை மாட்ட ஆரம்பித்தான். மாமனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நட்டு இறுகும்வரை பொறுத்தார்.

"நாளைக்கு மூணு நடை."

"ரெண்டு மாமா."

"சரி, உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ரெண்டரை."

மாப்பிள்ளை பின்னைச் செருகி அதன் காலை மடக்கினான். "ரெண்டரைன்னா, அந்த அரை நடையில வர்றவங்களை ஏரி நடுவுல இறக்கி விட்டுடலாமா மாமா?"

தைக்கிற பெண்கள் சிரித்தார்கள். அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், விலை எங்கே வந்து நிற்கும் என்று தெரிந்தவள்போல.

மாமனார் ஏரியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அவன் கையில் இன்னும் இருந்த இடுக்கியையும் பார்த்தார்.

"நீச்சல் தெரிஞ்ச ஆளா பாத்துத்தான் ஏத்தணும்" என்றார் கடைசியில். "சரி. ரெண்டு."