ஒற்றை மெழுகுவர்த்தி

தென்காசியில் அந்தக் கிறிஸ்தவ சபைக் குடும்பங்கள் எதுவும் ஞானபாக்கியத்தைக் கேட்காமல் பிள்ளைகளைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனதில்லை. மாதாமாதம் வரும் சபைப் பத்திரிகையில் ‘பிள்ளைகளோடு பார்க்கலாமா?’ என்ற பக்கத்தை அவள்தான் எழுதுவாள். மூன்று மெழுகுவர்த்தி போட்டால் குடும்பத்தோடு போகலாம். இரண்டென்றால் பெரியவர்கள் யோசித்துக்கொள்ளலாம். ஒன்றென்றால் அந்தத் தியேட்டர் இருக்கும் தெருப்பக்கம்கூடத் தலைவைக்கக் கூடாது. பன்னிரண்டு வருஷமாக இதுதான் நடைமுறை.

பிறகு ஷெர்லின் வந்தாள். பாடகர் குழுவில் இருக்கும் ஜெபசிங்கைக் கட்டிக்கொண்டு வந்தவள். ஆறே மாதத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளி முழுக்க அவள் கைக்குள் போய்விட்டது. கீபோர்டு வாசிப்பாள், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சிரிப்பாள். அதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். ஞானபாக்கியத்தின் மகள் பெர்சிஸ், பன்னிரண்டு வயதுக்காரி, வீட்டில் வாயைத் திறந்தாலே ‘ஷெர்லின் அக்கா சொன்னாங்க’ என்றுதான் ஆரம்பிக்கிறாள். சடைகூட ஷெர்லின் அக்கா மாதிரிப் பின்னவேண்டுமாம். பெற்றவள் ஒருத்தி சீப்போடு நிற்கிறாள், அவளைக் கேட்பாரில்லை.

மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்ததும், கோடைமழை பெய்திருந்தால் பிள்ளைகளைக் குற்றாலத்துக்குக் குளிக்கக் கூட்டிப்போவார்கள். இந்த வருஷம் அருவியில் பாறைதான் தெரிந்தது. அப்படியானால் சினிமாவுக்குப் போகலாம் என்றாள் ஷெர்லின். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் ஆண்டுவிழாவுக்கு நாடகம் போடுகிற சிரிப்புப் படம். போதகர் சரியென்றார். ஆனால் ஞானபாக்கியம் பார்த்துச் சொல்லட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்குத் தனியாகப் போனாள். குறை கண்டுபிடிக்கத்தான் போனாள், அதை மறைப்பானேன்? ஆனால் பாழாய்ப்போன படம் நன்றாக இருந்தது. கெட்ட வார்த்தை இல்லை, அடிதடி இல்லை. ஞானபாக்கியம் பக்கத்து சீட்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க ஆத்திரமாக வந்தது. இதையும் ஷெர்லின்தானா கண்டுபிடித்துச் சொல்லவேண்டும்? இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு பிள்ளை, தோழிமேல் பொறாமைப்பட்டு அவளுடைய நாடக உடையை ஒளித்துவைத்துவிட்டு டீச்சரிடம் பொய் சொன்னது. ஞானபாக்கியத்துக்கு அது போதும். விளக்குப் போட்டதும் எழுந்து வந்து ஆட்டோ பிடித்தாள்.

பத்திரிகை வரட்டும் என்று காத்திருக்கவில்லை. உடையை ஒளித்துவைத்த கதையைச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் விரிவாகப் போட்டு, ‘பொய்யும் பொறாமையும் வேடிக்கையாகக் காட்டப்படுகின்றன. கடைசிவரை மனந்திரும்புதல் இல்லை’ என்று முடித்தாள். கீழே ஒற்றை மெழுகுவர்த்தி. சினிமாத் திட்டம் அதோடு நின்றது.

ஷெர்லின் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கடைசி நாள் வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தபோது ஷெர்லின் சொன்னது, வாசலில் கேசரித் தட்டோடு நின்ற ஞானபாக்கியத்தின் காதிலும் விழுந்தது.

“ஞானம் அக்கா நமக்காக உக்காந்து முழுசாப் பாத்துட்டு வந்திருக்காங்க. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அந்த நல்ல குணம்கூட ஞானபாக்கியத்துக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும்.

அப்போதுதான் பெர்சிஸ் திரும்பி அவளைப் பார்த்தாள். “எம்மா, டிரெஸ்ஸ ஒளிச்சு வச்ச அந்தப் பிள்ள கடைசில என்ன செஞ்சா? ஒரு வார்த்தகூட மன்னிப்புக் கேக்கலயா?”

நாற்பது பிள்ளைகளும் திரும்பினார்கள். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எழுதியதைத்தானே சொல்லப்போகிறாள். ஆனால் பெர்சிஸ் ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அம்மாவிடம் ஒன்றைக் கேட்கிறாள், அம்மா சொன்னால் நம்புவேன் என்ற முகத்தோடு.

“தெரியாது, ஏட்டி. நான் பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்.”

“ஏம்மா?”

“படம் நல்லா இருந்துச்சு. ஷெர்லின் சொன்ன படம்லா, அதான் எனக்குப் பொறுக்கல.”

ஷெர்லின் எழுந்து வந்து, கேசரித் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். முதலில் வாயைத் திறந்தது பெர்சிஸ்தான். அதுவும் ஷெர்லினிடம்தான் கேட்டாள், அப்படியானால் நாளைக்குப் போகலாமா அக்கா என்று.

ஞானபாக்கியத்துக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஒரே நாளில் அணைந்துவிடுமா என்ன?

“எனக்கும் சேத்து டிக்கெட் எடு ஷெர்லின்,” என்றாள். “இந்தத் தடவ கடைசி வரைக்கும் இருக்கேன். அந்தப் பிள்ள என்ன செஞ்சான்னு எனக்கும் தெரியணும்.”